யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா?



நம்ம கேன்டீனில் கிராபிக்ஸ் கார்டு பற்றிப் பேசாத நாள் உண்டா? எந்தக் கார்டில் எத்தனை ஜி.பி. மெமரி, எந்த விளையாட்டுக்கு எத்தனை எஃப்.பி.எஸ். வரும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. செமஸ்டர் ஃபார்முலாவைவிட நன்றாகவே ஞாபகம் இருக்கும்! ஆனால் "உன் எஸ்.எம்.பி.எஸ். என்னடா?" என்று ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். "ஏதோ 450 வாட் போட்டிருக்கு மச்சி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆறாயிரம், ஏழாயிரம் கொடுத்து கார்டு வாங்குகிறவன், அதற்குச் சோறு போடுகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்!

என் வீட்டு கம்ப்யூட்டரில் இந்த இரண்டையும் மாற்றிய அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் இருப்பதெல்லாம் நாம் இரண்டாம் வருடம் படித்த கணக்குதான். பயப்பட வேண்டாம்!

முதலில் ஒரு விஷயம். அந்த கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை, என் அக்காவுடையது. டி.டி.பி. கடையில் ஆறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, இப்போது வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் டிசைன் செய்து கொடுக்கிறது அக்கா. வீட்டு வாடகை, என் செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. அது ஒரு நாள் படுத்தால் பத்திரிகை ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். முகூர்த்த நாள் யாருக்காகவும் காத்திருக்காது இல்லையா?

பெட்டியின் ஜாதகம் இதுதான்: 2012-ல் வந்த ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம். படம் காட்டுவது பிராசசருக்குள்ளேயே இருக்கிற இன்டெல் எச்.டி. 2500. பெயர் தெரியாத கேபினெட், அதோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் "450".

என் ஆசை பெரிது ஒன்றும் இல்லை. ஜி.டி.ஏ. 5 ஓட வேண்டும், அவ்வளவுதான்! 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த விளையாட்டுக்கு, தயாரித்தவர்கள் பரிந்துரைத்த பிராசசர் எது தெரியுமா? அதே ஐ5-3470! ராம் 8 ஜி.பி. அதுவும் இருக்கிறது. கார்டு மட்டும் ஜி.டி.எக்ஸ். 660 அளவுக்கு வேண்டும். இலை போட்டாச்சு, சோறும் வைத்தாச்சு, சாம்பார் மட்டும் பாக்கி என்கிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

லீவில் சி.சி.டி.வி. கேமரா மாட்டுகிற அண்ணன் ஒருவரோடு ஏணி தூக்கிப் போய்ச் சேர்த்த 9,500 ரூபாய் கையில் இருந்தது. அக்காவிடம் போய் நின்றேன்.

"மாத்திக்கோடா. ஆனா என் வேலை ஒரு நாள் நின்னாலும் நீதான் பார்ட்டிகிட்ட பதில் சொல்லணும். ஆடி மாசத்துல பண்ணு. கல்யாணம் இருக்காது."

இப்படித்தான் எனக்கு நாள் குறிக்கப்பட்டது! 2025 ஆடி. அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் செய்த கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஸ்டிக்கர் சொன்ன பொய்

மெஷின்ஸ் லேபில் எந்த மோட்டாரைத் தொட்டாலும் முதலில் என்ன செய்யச் சொல்வார்கள்? நேம் பிளேட்டைப் படி! எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் நேம் பிளேட் உண்டு. கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றினால் ஸ்டிக்கர் தெரியும். எங்கள் பெட்டியில் இருந்தது இது:

+3.3 வோல்ட்: 14 ஆம்பியர்
+5 வோல்ட்: 16 ஆம்பியர்
+12 வோல்ட்: 16 ஆம்பியர்
-12 வோல்ட்: 0.5 ஆம்பியர்
+5 வோல்ட் ஸ்டாண்ட்பை: 2 ஆம்பியர்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். எட்டாம் வகுப்புக் கணக்கு! 46, 80, 192, 6, 10. எல்லாவற்றையும் கூட்டினால் 334 வாட். ஆனால் மேலே எழுதியிருப்பது 450. மீதி 116 வாட் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அது பிறக்கவே இல்லை!

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். இந்த 334-ல் நமக்கு முக்கியம் 12 வோல்ட் லைன் மட்டும்தான். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான் குடிக்கின்றன. அப்படியானால் கார்டு போடுகிறவனுக்கு இது 450 வாட் பெட்டி அல்ல, 192 வாட் பெட்டி.

யாருக்கு எவ்வளவு பசி?

அடுத்து, 12 வோல்ட் லைனில் யார் யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று பார்த்தேன். பிராசசரின் டி.டி.பி. 77 வாட். மதர்போர்டு அந்த 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும்போது வீணாவது ஒரு 10 வாட். ஹார்ட் டிஸ்க், ஃபேன்களுக்கு 15. மொத்தம் 102. இதற்கு மேல்தான் கார்டு.

கார்டு எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது? பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் வயர் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஆக ஒரு கார்டின் முதுகில் பின் இல்லை என்றால், அது 75 வாட்டுக்குள் அடங்கும் பிள்ளை என்று அர்த்தம்.

2012-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 660 சாப்பிட்டது 140 வாட். 2016 அக்டோபரில் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ-யும், 2019 ஏப்ரலில் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-ம் 75 வாட்டிலேயே அதைவிட அதிக வேலை பார்க்கின்றன. முக்கியமான காரணம், சிப்பில் டிரான்சிஸ்டரின் அளவு சுருங்கியதுதான். 660 செய்யப்பட்டது 28 நானோமீட்டர் முறையில், 1050 டிஐ 14-ல், 1650 12-ல். புதிய கார்டு என்றால் அதிகக் கரண்ட் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

102-ம் 75-ம் 177. பழைய எஸ்.எம்.பி.எஸ். தருவதாகச் சொல்வது 192. ஸ்டிக்கரையே முழுசாக நம்பினாலும் 92 சதவீத லோடு! ஸ்டிக்கரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மேலேயே பார்த்துவிட்டோம்.

சந்தேகம் தீர மல்டிமீட்டரை எடுத்தேன். சும்மா கிடந்த ஒரு மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கருப்பு வயருக்கும் நடுவே அளந்தேன். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட். பிராசசருக்கு மட்டும் முழு வேலை கொடுத்து ஓடவிட்டபோது 11.52. ஏ.டி.எக்ஸ். விதிப்படி 5 சதவீதம்தான் இறங்கலாம், அதாவது 11.4 வரை. கார்டு போடுவதற்கு முன்பே எங்கள் பெட்டி வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

சென்னைக்கு ரயில் ஏறினேன். மவுண்ட் ரோடு பக்கத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் நம்ம மாதிரி ஆட்களுக்குத் திருவிழாக் கடைவீதி. ஒரு கடைக்காரர் அன்பாகத்தான் பேசினார்.

"தம்பி, 1650 கேக்குற காசுக்கு ஆர்.எக்ஸ். 580 தரேன், எடுத்துக்கோ. ஸ்பீடு எங்கேயோ போயிடும்."

"அண்ணே, அதுக்கு 8 பின் வேணுமே. எங்க எஸ்.எம்.பி.எஸ்.ல இல்ல."

"450 வாட் இருக்குன்ற. மோலெக்ஸ் கன்வெர்ட்டர் நூத்தம்பது ரூவா. போட்டா ஓடும் தம்பி!"

ஓடும்தான். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. 580-ன் பசி 185 வாட். 102-ஐக் கூட்டினால் 287. தருவதோ 192. கன்வெர்ட்டர் என்பது பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர ஒரு வாட் கூடப் பிறப்பிக்காது. வயர் சூடாகி உருகுவது அந்த மோலெக்ஸ் முனையில்தான். 580 மோசமான கார்டு என்று நான் சொல்லவில்லை. வேகத்தில் 1650-ஐ அது முந்தும். எங்கள் பெட்டிக்கு அது தாங்காது, அவ்வளவுதான். விரலுக்கேத்த வீக்கம் வேண்டும் நண்பர்களே!

580 இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு கதை உண்டு. எதேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டி எடுக்க உலகம் முழுக்க இந்த மாதிரிக் கார்டுகளை ராப்பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எதேரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டதும் அந்தத் தொழில் ஒரே நாளில் படுத்தது. கார்டுகள் எல்லாம் பழைய சாமான் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன. வாங்கக் கூடாது என்றில்லை. அது எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைத்த மாடு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கடைசியில் வேறொரு கடையில் பின் இல்லாத ஜி.டி.எக்ஸ். 1650, 4 ஜி.பி., செகண்ட் ஹேண்ட், 6,300 ரூபாய்க்குப் பேசினேன். 1050 டிஐ அதைவிட மலிவாகவே இருந்தது. ஆனால் இரண்டரை வருடம் இளைய கார்டுக்கு டிரைவர் அதிக நாள் வரும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. 1050 டிஐ ரகத்துக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். படத்தில் புள்ளி, கோடு வருகிறதா, சூடு ஓரிடத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். 1650 என்றால் 896 கோர், 1050 டிஐ என்றால் 768 கோர் காட்ட வேண்டும். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதுப் பெயர் சூட்டி விற்கிற கில்லாடிகளும் உண்டு!

அதே 450, வேறு 450

எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதிதாகத்தான் வாங்கினேன். இதில் செகண்ட் ஹேண்ட் வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து வருட வாரண்டியோடு 2,400 ரூபாய். அதன் மேலும் 450 வாட் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் 12 வோல்ட் லைனில் 34 ஆம்பியர், அதாவது 408 வாட்! எங்கள் 177 வாட் அதற்கு 43 சதவீதம்தான். சாதாரணமாக எஸ்.எம்.பி.எஸ்.கள் நல்ல எபிசியன்சி தருவது பாதி லோடு பக்கத்தில்தான். 80 ப்ளஸ் என்ற முத்திரையும் இருந்தது. 20, 50, 100 சதவீத லோடுகளில் குறைந்தது 80 சதவீத எபிசியன்சி என்று அதற்கு அர்த்தம்.

இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தேன். பழையது தக்கை மாதிரி! ஏன் என்று நாம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சொல்லலாமே. 230 வோல்ட் ஏ.சி. பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் நுழைந்து 325 வோல்ட் டி.சி. ஆகிறது. அதை டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, மறுபடி ரெக்டிஃபை செய்து அனுப்புகிறார்கள். மலிவு பெட்டியில் முதலில் காணாமல் போவது நுழைவாயிலில் உள்ள ஃபில்டர் காயில். அப்புறம் கெபாசிட்டர் சிறுக்கும், ஹீட் சிங்க் மெலியும், வயர் இளைக்கும். ஓவர் கரண்ட் பாதுகாப்பும் பேருக்குத்தான் இருக்கும். அதனால் அது சாகும்போது தனியாகச் சாகாமல் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். அக்காவின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஆறு வருட டிசைன்களை நினைத்துப் பாருங்கள்!

(ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். ஸ்டிக்கரைப் படிக்க மூடியைத் திறக்கத் தேவையில்லை.)

ஆடி மாத ஆபரேஷன்

முதலில் அக்காவின் ஃபைல்கள் முழுவதும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி. இது நடக்காமல் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை.

பிறகு எஸ்.எம்.பி.எஸ். மட்டும். மதர்போர்டில் மாட்டும் முன் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் சுற்றியது. மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 என்று அளந்து பார்த்துவிட்டு உள்ளே பூட்டினேன். ஒரு வாரம் கார்டு இல்லாமலே அக்காவை வேலை செய்யவிட்டேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ஏதாவது கோளாறு வந்தால் குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது வாரம் கார்டு. அதற்கு முன் மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்தேன். பழைய போர்டுகள் சில, புதிய கார்டை அறிமுகம் இல்லாதவர் மாதிரி பார்த்துவிட்டுப் படமே காட்டாது. இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்: இந்தக் கார்டுகளில் பழைய வி.ஜி.ஏ. கனெக்டர் கிடையாது. எங்கள் மானிட்டரில் டி.வி.ஐ. இருந்ததால் 200 ரூபாய் கேபிளோடு தப்பித்தோம். பிராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட் 150. மொத்தச் செலவு 9,050. கையில் மிச்சம் ரூபாய் 450. அதுவும் 450-தான், ஆனால் இது உண்மையான 450!

கடைசியில் யூ.பி.எஸ். சோதனை. எங்களிடம் இருப்பது 600 வி.ஏ., அதாவது 360 வாட். மானிட்டரோடு சேர்த்தாலும் எங்கள் தேவை அதற்குள் அடங்கும். ஆனால் ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள எஸ்.எம்.பி.எஸ். சிலது, ஸ்கொயர் வேவ் தருகிற மலிவு யூ.பி.எஸ்.ஸோடு சண்டை போட்டு ஆஃப் ஆகிவிடும். அதனால் விளையாட்டு ஓடும்போதே யூ.பி.எஸ். பிளக்கை மூன்று தடவை பிடுங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் நின்றது. மல்டிமீட்டரில் முழு லோடில் 11.98 வோல்ட்.

ஜி.டி.ஏ. 5 முழு எச்.டி.யில், ஹை செட்டிங்கில், அறுபது எஃப்.பி.எஸ். பக்கத்தில் ஓடுகிறது. ஆசை தீர்ந்தது!

ஆனால் அக்காவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஒரு மாதம் கழித்துச் சொன்னது இதுதான்: "டேய், முன்னெல்லாம் மத்தியானம் பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல் எக்ஸ்போர்ட் பண்ணா தானா ரீஸ்டார்ட் ஆகும். கரண்ட்டுதான் சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப ஆகறதில்லையே?"

ஈ.பி.யைத் திட்டிக்கொண்டிருந்தோம். மல்டிமீட்டர் காட்டிய 11.52 வோல்ட்டுக்கும் அந்த ரீஸ்டார்ட்டுக்கும் உறவு இருந்திருக்கிறது! கோடை வெயிலில் சூடான பெட்டி, முழு லோடில் இன்னும் கொஞ்சம் சறுக்கியிருக்கும். நான் விளையாட வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்., அக்காவுக்கு ஒவ்வொரு மத்தியானமும் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதற்கு மேல் அந்தப் பெட்டியில் காசு போடப் போவதில்லை. பிராசசருக்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை முறைப்படி ஏற்பதில்லை. நாளைக்கு வேறு மதர்போர்டு வாங்கினாலும் இந்தக் கார்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கூடவே வரும். அவற்றில் போட்ட காசு மட்டும் வீணாகாது.

நண்பர்களே, நமக்கு எல்லாமே பட்ஜெட்தான். அதனால்தான் ஒவ்வொரு ரூபாயும் போகிற இடத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்டு வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வருகிற எண்தான் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உண்மையான பெயர். சந்தேகம் இருந்தால் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு எங்கள் டிபார்ட்மென்ட் பக்கம் வாருங்கள். கணக்கு நாங்கள் போட்டுத் தருகிறோம். டீ மட்டும் உங்கள் செலவு!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு